தேசிய லாட்டரி: சீட்டு விற்பதிலிருந்து பரிசு கைக்கு வரும் வரை

பூஜ்யம் (இழை தொடங்கியவர்)

லாட்டரி என்று பேச்செடுத்தாலே இரண்டு பதில்தான் வருகிறது. "எல்லாம் ஏமாத்து", இல்லாவிட்டால் "யோகம் இருந்தா அடிக்கும்". ரெண்டும் வேண்டாம். அரசே நடத்தும் அல்லது அரசு உரிமத்தில் நடக்கும் லாட்டரியில் விற்பனைப் பணம் எப்படிப் பிரிகிறது? குலுக்கலில் யாரும் கைவைக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? "நற்பணிக்குப் போகிறது" என்கிற பணம் உண்மையிலேயே கூடுதல் பணமா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஜெயிக்கிற நம்பர் கொடுப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

தராசு

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பிரிட்டன் தேசிய லாட்டரி 1994 நவம்பரில் தொடங்கியபோது இருந்த பிரிவினைதான் பாடம் சொல்ல வசதி. விற்பனை 100 என்றால் பரிசுக்குச் சுமார் 50, நற்பணிக்கு 28, லாட்டரி வரி 12, கடைக்காரர் கமிஷன் 5, மிச்சம் நடத்தும் நிறுவனத்துக்கு. சதவீதம் நாட்டுக்கு நாடு, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியில் 70 சதவீதம் பரிசாகவே திரும்புகிறது. ஆனால் கணக்கின் அமைப்பு எங்கும் ஒன்றுதான்: பரிசு, அரசு, கடை, நிர்வாகம்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் "லோட்டோ" (ஆறு எண் குறிக்கும் ஆட்டம்) ஜாக்பாட் மாதிரிப் பரிசுகளில் நடத்துபவர் வாங்குபவருக்கு எதிராகப் பந்தயம் கட்டவில்லை. விற்பனையில் ஒரு பங்கு பரிசுக் குவியலாகிறது, அதைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் யார் ஜெயித்தாலும் நடத்துபவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. "பெரிய பரிசு விழாமல் அவர்களே தடுக்கிறார்கள்" என்ற சந்தேகம் இங்கேயே பாதி அடிபட்டுப்போகிறது.

நடத்துவது யார் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. அரசுத் துறை, அரசு நிறுவனம், உரிமம் பெற்ற தனியார் என்று மூன்று வகை. பிரிட்டனில் முப்பது வருஷம் கேம்லாட் என்ற தனியார் நிறுவனம் நடத்தியது, 2024 பிப்ரவரி முதல் ஆல்வின் என்ற நிறுவனம். பிரான்சில் 2019 நவம்பரில் அரசு, லாட்டரி நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கில் பெரும்பகுதியைப் பங்குச் சந்தையில் விற்று ஏறக்குறைய 20 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

ஊர்க்குருவி

குவியலைப் பிரிப்பது சரி. ஆனால் ஐந்து எண் பொருந்தியவருக்கு நாலு எண் பொருந்தியவரைவிடக் குறைவாகக் கிடைத்த கதையும் உண்டே? அதை எப்படி நியாயம் என்பீர்கள்?

தராசு

கதை இல்லை, நடந்ததுதான். 2016 மார்ச் 23, பிரிட்டன் லோட்டோ. வந்த எண்கள் 7, 14, 21, 35, 41, 42. இதில் ஐந்து ஏழாம் வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டைக் குறித்து வைத்தவர்கள் 4,000 பேருக்கு மேல் ஐந்து எண்ணில் வந்து நின்றார்கள். அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய குவியலை அத்தனை பேருக்கும் பிரித்ததில் ஆளுக்கு 15 பவுண்டு. நாலு எண்ணுக்கு 51 பவுண்டு. மூன்று எண்ணுக்கு நிலையான 25 பவுண்டு! அன்றைய விதிப்படி எல்லாம் சரி. குவியலைப் பிரிக்கும் ஆட்டத்தில் நமக்கு எதிரி இயந்திரம் இல்லை, அதே எண்ணைக் குறித்த இன்னொருவர்தான்.

1995 ஜனவரி 14 இன்னும் தெளிவான உதாரணம். 7, 17, 23, 32, 38, 42. ஜாக்பாட் 1.6 கோடி பவுண்டுக்கு மேல், ஆனால் ஆறும் பொருந்தியவர்கள் 133 பேர். ஆளுக்கு 1,22,510 பவுண்டு. அன்றைய விற்பனைக்கு நாலைந்து பேர் வருவதுதான் சராசரி. ஆட்கள் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை, தாளில் கோலம் போடுகிறார்கள். பிறந்தநாள் எண்களால் 1 முதல் 31 வரை நெரிசல் வேறு. பரவலாகத் தேர்ந்தெடுப்பதால் ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு துளியும் ஏறாது. ஜெயித்தால் பங்கு போட ஆள் குறையும், அவ்வளவுதான்.

கடைசிமணி

குலுக்கல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். டிவியில் பந்து உருளுவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். உண்மையான பாதுகாப்பு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

வரிசை இதுதான். குறித்த நேரத்தில், கடைகளில் சீட்டு அச்சடிக்கும் எல்லா டெர்மினலிலும் விற்பனை பூட்டப்படும். விற்ற ஒவ்வொரு சீட்டின் எண்கள், நேரம், டெர்மினல், வரிசை எண் எல்லாம் மத்திய சர்வரில் இருக்கும். அதே பதிவுகள், நடத்துபவரின் கை படாத இன்னொரு கணினிக்கும் விற்பனை நடக்கும்போதே போயிருக்கும். பூட்டிய பிறகு இரண்டு பக்கமும் எத்தனை சீட்டு, எத்தனை ரத்து, எவ்வளவு பணம் என்று ஒப்பிடுவார்கள். மொத்தக் கோப்புக்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவும் ஆன பின்தான் குலுக்கல் அறைக்கு "போகலாம்" என்ற உத்தரவு.

இது சும்மா சடங்கு இல்லை என்பதற்கு 2022 நவம்பர் 7. அமெரிக்காவின் பவர்பால் ஜாக்பாட் 200 கோடி டாலரைத் தொட்டு நிற்கிறது. பங்கேற்கும் மாநிலங்களில் மினசோட்டா ஒன்று மட்டும் விற்பனைக் கணக்கை முடித்துக் கொடுக்கவில்லை. ஒரு மாநிலத்துக்காக மொத்தக் குலுக்கலையும் நிறுத்தி, மறுநாள் காலையில்தான் நடத்தினார்கள். இணையம் முழுக்க "தில்லுமுல்லு" என்று கத்தியது. நிறுத்தாமல் நடத்தியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து பந்து. பந்துத் தொகுப்புகள் பல இருக்கும், ஒவ்வொன்றும் எண்ணிட்ட முத்திரையோடு பெட்டியில். அன்றைக்கு எந்தத் தொகுப்பு, எந்த இயந்திரம் என்பதையே சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். எடை, விட்டம் பார்த்து, சோதனைக் குலுக்கல்கள் ஓட்டி, ஏதாவது ஒரு எண் விடாமல் தலைகாட்டினால் தொகுப்பையே மாற்றுவார்கள். பெட்டியைத் திறக்க ஒருவர் சாவி போதாது, இரண்டு பேர் இருந்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1980 ஏப்ரல் 24, பென்சில்வேனியாவின் மூன்று இலக்க லாட்டரி. மேசைப்பந்து மாதிரி லேசான பந்துகளை ஊதி மேலே எழுப்பும் இயந்திரம். 4, 6 தவிர மற்ற பந்துகளுக்குள் ஊசியால் வெள்ளை பெயிண்ட் ஏற்றிக் கனமாக்கினார்கள். லேசான 4ம் 6ம்தான் மேலே ஏறும், ஆக வரக்கூடியவை எட்டே எட்டுச் சேர்க்கைகள். அன்று வந்தது 666. குறிப்பிட்ட சில எண்களில் மட்டும் அளவுக்கு மீறிப் பணம் கட்டப்பட்டதுதான் மாட்டிவிட்டது. நிகழ்ச்சித் தொகுப்பாளரே உடந்தை.

ஊர்க்குருவி

பந்துக்குப் பதில் கம்ப்யூட்டர் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே.

கடைசிமணி

பிரச்சினை இடம் மாறும், அவ்வளவுதான். பல அமெரிக்க மாநிலங்கள் சேர்ந்து நடத்திய ஹாட் லோட்டோ, 2010 டிசம்பர் 29 குலுக்கல், 1.65 கோடி டாலர். எண்களை உருவாக்கும் கணினியில் கைவைத்தது வெளியாள் இல்லை. அந்தக் கூட்டமைப்பின் தகவல் பாதுகாப்பு இயக்குநரே! அவர் செருகிய நிரல் வருஷத்தில் மூன்று குறிப்பிட்ட தேதிகளில் மட்டும், அதுவும் கிழமையும் நேரமும் பொருந்தினால் மட்டும் வேலை செய்யும். மற்ற நாளெல்லாம் எண்கள் சுத்தமாக இருக்கும். ஆக, சாதாரண நாளில் ஆயிரம் முறை சோதித்தாலும் தேறிவிடும். சோதனையில் பாஸ் என்பதை மட்டும் நம்பக்கூடாது, நிரலை வரி வரியாகப் படிக்க வேண்டும், இயந்திரத்தில் ஏறியது அதே நிரல்தானா என்று ஹாஷ் ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் இதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாத பாடம்.

மாட்டியது எப்படி என்பது சுவாரசியம். சீட்டை ஒரு வருஷத்துக்குள் காட்ட வேண்டும். கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பெயரில் வக்கீல் வந்து நின்றார். சீட்டை வாங்கியது யார் என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். சொல்லாமல் பணம் இல்லை என்றது அந்தச் சீட்டை விற்ற அயோவா மாநில லாட்டரி. கடைக் கேமராப் பதிவை வெளியிட்டதும் ஆளை அடையாளம் சொல்லக் கூட வேலை பார்த்தவர்களே வந்தார்கள். பரிசு கேட்டு வருபவரை விசாரிக்கும் மேஜைதான் கடைசி வேலி. அதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை.

கூட்டுவட்டி

ஜாக்பாட் எண்ணிக்கை பற்றி ஒரு சின்ன கணக்கு. பவர்பாலில் 69 எண்களில் 5 குறிக்க வேண்டும், கூடவே தனியாக 26 எண்களில் 1. மொத்தச் சேர்க்கை 29,22,01,338. "அத்தனை சீட்டு விற்றால் யாருக்காவது விழுந்தே தீரும்" என்று நினைப்பார்கள். இல்லை. எண்கள் தற்செயலாகத் தேர்ந்தவை என்று வைத்தால், சேர்க்கைகளின் அளவுக்கே சீட்டு விற்றாலும் யாருக்கும் விழாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 10 கோடி சீட்டு விற்றால் 71 சதவீதம். அதனால்தான் தொகை சேர்ந்துகொண்டே போகிறது. வேண்டுமென்றே சேர்க்கைகளை அதிகமாக்கியதும் இதற்காகத்தான். பிரிட்டன் லோட்டோ 49ல் 6 ஆக இருந்தபோது 1,39,83,816ல் ஒன்று. 2015 அக்டோபரில் 59ல் 6 ஆக்கினார்கள், 4,50,57,474ல் ஒன்று. மூன்று எண் பொருந்துவதும் 57ல் ஒன்றிலிருந்து 96ல் ஒன்றாகச் சரிந்தது. பெரிய தொகை தலைப்புச் செய்தியாகும், செய்தி சீட்டு விற்கும்.

அடுத்து, விளம்பரத் தொகை என்பது கையில் இருக்கும் பணம் இல்லை. பவர்பால் 30 தவணையாக 29 வருஷத்தில் கொடுக்கும், தவணைக்குத் தவணை 5 சதவீதம் ஏற்றி. 100 கோடி டாலர் என்றால் முதல் தவணை சுமார் 1.5 கோடி, கடைசித் தவணை 6.2 கோடி. ஒரே மூச்சில் வேண்டுமென்றால் அந்தத் தவணைகளை வாங்கப் போதுமான தொகையை மட்டும் தருவார்கள். 2022ல் விழுந்த 204 கோடிக்கு ரொக்க மதிப்பு 99.76 கோடி. வரிக்கு முன்னால்!

இராப்பாடி

எல்லாச் சேர்க்கையையும் மொத்தமாக வாங்கிவிட்டால்?

கூட்டுவட்டி

செய்தார்கள். 1992 பிப்ரவரி, வர்ஜீனியா, 44ல் 6. மொத்தம் 70,59,052 சேர்க்கை, சீட்டு ஒரு டாலர், ஜாக்பாட் 2.7 கோடி. ஒரு முதலீட்டுக் குழு கிளம்பியது. கணக்கில் ஓட்டை இல்லை, அச்சடிப்பதில்தான் இடித்தது. கடை டெர்மினல்களில் சீட்டு வெளிவரும் வேகத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம்தான் முடிந்தது. பிறகு விற்பனை பூட்டு. அந்த 50 லட்சத்துக்குள் ஜெயித்த சீட்டு இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். இன்னொரு வெற்றியாளர் பங்குக்கு வராததும் அதிர்ஷ்டம்தான்.

இதைவிட அழகானது மாசசூசெட்ஸின் கேஷ் வின்ஃபால். ஜாக்பாட் 20 லட்சம் டாலரைத் தாண்டியும் யாருக்கும் விழாவிட்டால் பணம் கீழ்ப் பரிசுகளுக்கு வழிந்துவிடும். அந்த வாரம் மட்டும் சீட்டின் சராசரி மதிப்பு விலையைத் தாண்டும். மாணவர் குழுக்கள் உட்பட சிலர் லட்சக்கணக்கில் வாங்கிச் சம்பாதித்தார்கள். 2012ல் ஆட்டத்தையே மூடினார்கள். அரசுக்கு நஷ்டமா என்றால் இல்லை, ஒவ்வொரு சீட்டிலும் அதன் பங்கு வந்துகொண்டுதான் இருந்தது. நஷ்டம், விவரம் தெரியாமல் மற்ற வாரங்களில் வாங்கியவர்களுக்கு.

தராசு

சுரண்டல் சீட்டை, அதாவது பூச்சைச் சுரண்டிப் பரிசு பார்க்கும் சீட்டை, யாரும் தொடவில்லையே. அங்கே குலுக்கலே கிடையாது. எந்தச் சீட்டு ஜெயிக்கும் என்பது அச்சகத்திலேயே முடிவாகிவிடும். பரிசுகளைக் கட்டுகளுக்குள் பரப்பும்போது ஒவ்வொரு கட்டிலும் குறைந்தபட்சம் இவ்வளவு சின்னப் பரிசு இருக்க வேண்டும் என்று விதி வைப்பார்கள். ஒரு கட்டு முழுக்கக் காலி என்றால் அந்தக் கடையில் வியாபாரம் படுத்துவிடும். ஆக, முழுக்க முழுக்கத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

கட்டு கடைக்கு வந்ததும் ஸ்கேன் செய்து "திறந்தது" என்று பதிய வேண்டும். பதியாத கட்டின் சீட்டுக்குப் பரிசு கிடையாது, அதனால் வழியில் திருடினாலும் பிரயோஜனம் இல்லை. பரிசை உறுதி செய்வது மேலே தெரியும் படங்கள் இல்லை, பூச்சுக்கு அடியில் இருக்கும் சரிபார்ப்பு எண்தான்.

சறுக்கல் இரண்டு இடத்தில். முதலாவது, பூச்சுக்கு வெளியே தெரியும் எண்களே உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பது. 2003ல் டொரோண்டோவில் ஒரு புள்ளியியலாளர், வெளியே தெரிந்த கட்டங்களில் ஒரே ஒரு முறை வரும் எண்கள் மூன்று ஒரே வரிசையில் அமைந்தால் சீட்டு பெரும்பாலும் ஜெயிப்பது என்று கண்டுபிடித்து லாட்டரிக்கே சொன்னார். அந்த ஆட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டாவது, கடைக்காரர். சீட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் "ஒண்ணும் விழலை" என்று சொல்லிவிட்டுத் தானே வைத்துக்கொள்வது. கனடாவின் ஒண்டாரியோவில் இது பெரிதாக வெடித்து, 2007ல் அரசுக் குறைதீர்ப்பாளர் அறிக்கையே வந்தது. வாங்குபவர் பக்கம் திரும்பிய திரை, ஜெயித்தால் சத்தம் போடும் டெர்மினல், வாங்கியதும் சீட்டில் கையெழுத்து, கடைக்காரர் ஜெயித்தால் தனி விசாரணை எல்லாம் இந்த நோய்க்கான மருந்து. கையெழுத்து மட்டுமாவது போடுங்கள், காசா பணமா.

கடைசிமணி

மூன்றாவது சறுக்கலும் சேர்க்கலாம், இது திருட்டு இல்லை, வெறும் கவனக்குறைவு. 2025 ஜூனில் நார்வேயின் அரசு லாட்டரி, பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் யூரோஜாக்பாட் ஆட்டத்தின் பரிசுகளை யூரோ சென்ட்டிலிருந்து தன் நாணயத்துக்கு மாற்றும்போது 100ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தலைசுற்றும் தொகை ஜெயித்ததாகத் தகவல் போனது. பணம் பட்டுவாடா ஆகவில்லை, ஆனால் தலைமை நிர்வாகி பதவி விலக வேண்டியதாயிற்று. குலுக்கலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம், அறிவிப்பு அனுப்பும் நிரலை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

பூஜ்யம்

என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நற்பணிப் பணம்?

மேட்டுநிலம்

வருகிறேன். "லாட்டரிப் பணம் கல்விக்கு" என்று சட்டம் போடுகிறார்கள் என்று வையுங்கள். லாட்டரியிலிருந்து 10 வந்தது. அடுத்த பட்ஜெட்டில் பொது நிதியிலிருந்து கல்விக்குப் போவதை 8 குறைத்துவிட்டால், கல்விக்குக் கூடியது 2தான். சட்டம் மீறப்படவில்லை, லாட்டரிப் பணம் முழுக்கக் கல்விக்குத்தான் போனது. குறைந்த 8 வேறெங்கோ செலவாகும். ஆகவே லாட்டரி அறிக்கையைப் பார்த்து எதுவும் தெரியாது. அந்தத் துறையின் மொத்த ஒதுக்கீட்டை லாட்டரிக்கு முந்தைய சில வருஷங்களோடு ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் நற்பணிப் பணம் அரசு செய்ய வேண்டிய செலவுக்கு மாற்றாகக் கூடாது, கூடுதலாக இருக்க வேண்டும் என்று கொள்கை வைத்து, தனி வழங்கல் அமைப்புகள் மூலம் கலை, விளையாட்டு, பாரம்பரியச் சின்னங்கள், சமூக அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கொள்கை முழுக்கக் காப்பாற்றப்பட்டதா என்பது அங்கேயே ஓயாத சண்டை.

ஆனால் பிரிக்காமல் பொதுக் கஜானாவில் போடுவதைவிட இது மேல் என்பேன். குறிப்பிட்ட கட்டடம், குறிப்பிட்ட வேலை என்று கட்டினால் கண்ணுக்குத் தெரியும். 1753ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அப்படித்தான் லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அதே நாடு 1826ல் அரசு லாட்டரியை நிறுத்தியது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. திரும்பி வர 168 வருஷம் ஆனது.

ஊர்க்குருவி

எல்லாம் சரி, கொடுப்பது யார்? ஏழைகள்தானே. இது வரி, பேர் மட்டும் வேறே.

மேட்டுநிலம்

பெரும்பாலும் ஆமாம். வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் குறைந்த வருமானக்காரர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள், இது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் எல்லா ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பல கோடி ஜாக்பாட்டுக்கு வசதியானவர்களும் வாங்குவார்கள். சுரண்டல் சீட்டும் தினசரி எண் ஆட்டமும்தான் ஏழைகளின் பையை அதிகம் உறிஞ்சுபவை. விழுந்தது, விழவில்லை என்பது உடனே தெரியும், சின்னப் பரிசு கையில் வந்ததும் அடுத்த சீட்டாகிவிடும். வாரம் ஒரு குலுக்கலில் அந்தச் சுழல் இல்லை. "லாட்டரி வேணுமா வேண்டாமா" என்பதைவிட எந்த ஆட்டத்தை எவ்வளவு வேகமாக விற்கவிடுவது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நார்வேயில் பெயர் பதிந்துதான் ஆட முடியும், இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. ரொக்கத்துக்குப் பெயரில்லாமல் சீட்டு விற்கும் நாட்டில் உச்சவரம்பு என்று பேசுவது வெறும் பேச்சு.

இராப்பாடி

ஜெயித்தவர்களில் 70 சதவீதம் பேர் திவாலாகிறார்கள் என்கிறார்களே?

கூட்டுவட்டி

ஆதாரமில்லாத எண். அதைச் சொன்னதாகப் பெயர் அடிபட்ட அமெரிக்க நிதிக்கல்வி அமைப்பே எங்கள் ஆய்வு இல்லை என்று மறுத்துவிட்டது. உருப்படியான ஆய்வு ஃபுளோரிடாவில் நடந்தது. 50,000 முதல் 1,50,000 டாலர் வரை ஜெயித்தவர்களை மிகச் சின்னத் தொகை ஜெயித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் திவால் குறைவு, மூன்றிலிருந்து ஐந்தாம் வருஷத்தில் அதிகம். பணம் திவாலைத் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை. சுவீடனில் பெருந்தொகை ஜெயித்தவர்களைப் பல வருஷம் கழித்துக் கேட்டபோது வாழ்க்கைத் திருப்தி கூடியே இருந்தது. "பணம் வந்தவன் அழிந்தான்" கதைகள் செய்தியாவதால்தான் காதில் விழுகின்றன.

இராப்பாடி

கடைசியாக ஒன்று. அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் எழுதி வைக்க வேண்டுமா?

தராசு

கண்டிப்பாக. ஒரு பக்கம் போதும். யார் யார், ஆளுக்கு எத்தனை பங்கு, யார் வாங்கி வைத்திருப்பார், எந்த ஆட்டம், பணம் எந்தக் கிழமைக்குள் தர வேண்டும். முக்கியமானது, ஒரு வாரம் தராதவருக்கு அந்த வாரம் பங்கு உண்டா இல்லையா என்பது. வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாமல்தான் வருகின்றன. சின்னப் பரிசைப் பிரிப்பதா, அடுத்த சீட்டில் போடுவதா என்பதையும் எழுதுங்கள். குலுக்கலுக்கு முன்பே சீட்டைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டும், பின்னால் அனுப்பிய படத்துக்கு மதிப்பில்லை. வாங்கி வைப்பவர் தன் சொந்தச் சீட்டை அதே கடையில், அதே நேரத்தில் வாங்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

கடைசிமணி

கெடுவையும் அந்தத் தாளில் எழுதுங்கள். பிரிட்டனில் 180 நாள், சில இடங்களில் 90 நாள், சில இடங்களில் ஒரு வருஷம். பிரிட்டனில் கெடு தாண்டிய பரிசு நற்பணிக்குப் போய்விடும், கேட்டுப் பிரயோஜனமில்லை. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாக மெயில் வந்து, விடுவிக்கக் கட்டணம் கேட்டால் அது எந்த நாட்டு லாட்டரியும் இல்லை. முன்பணம் கட்டச் சொல்லிப் பரிசு தரும் லாட்டரி எங்கேயும் கிடையாது.